பற்றரியில் பிழையில்லை

கல்முனைக்குடி,
12.04.2009

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் இங்கு எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் சுகத்துக்குக் குறை வரும்படி நீங்கள் எதையும் செய்து நான் கண்டதில்லை.

டெலிபோனில் இந்த விசயத்தை எடுத்தால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறீர்கள். மூன்று தடவை அப்படி வைத்தாயிற்று. கடிதத்துக்கு லைன் தேவையில்லை என்பதால் எழுதுகிறேன்.

வாப்பாவுக்கு முழங்கால் வீக்கம் குறைந்திருக்கிறது. குசினிக் கூரையில் ஓடு மாற்றினோம். போன வெள்ளிக்கிழமை அட்டாளைச்சேனையில் உங்கள் சின்னம்மாவின் மகளுக்குக் கலியாணம். ஒரே சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட இருந்த பெண்களிடம் உங்கள் உம்மா ஒரு கதை சொன்னா. தன்னுடைய மகன் நைரோபியில் ஹெலிகொப்டர் ஓட்டுகிறானாம். தமிழ் மெக்கானிக் ஒருவன் பழுதான பற்றரியைப் பூட்டி மகனைக் கொல்லப் பார்த்தானாம். மகனுடைய கெட்டித்தனத்தால் உயிர் தப்பினதாம். எல்லோரும் அந்த மகனின் மனைவியான என்னைப் பார்த்தார்கள். மாமியின் முகத்துக்காகப் பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். 

அந்த மெக்கானிக்கை, எங்கள் அழகரெத்தினம் அண்ணனை, நீங்கள் சொன்ன கதையை நம்பி உங்கள் கொம்பனி வேலையால் நிறுத்தி அனுப்பியது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். மார்ச் 21ஆம் திகதி அவர் கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் இறங்கினார். பெட்டிக்குள் ஸ்பானர்களும், ஹெலிகொப்டர் எஞ்சின் புத்தகங்களும், அவர் கையால் கீறின படங்களும் இருந்தன. மாசி மாதம் கொழும்புக்கு மேலே புலிகளின் விமானம் வந்துபோன பயம் இன்னும் ஆறவில்லை. வன்னியில் சண்டை நடக்கிறது. இந்த நேரத்தில் கல்முனை விலாசம் போட்ட ஒரு தமிழருடைய பெட்டியில் அப்படிப் புத்தகம் இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தரவேண்டுமா? விசாரணைக்கென்று கொண்டுபோனார்கள். இன்னும் விடவில்லை.

அவருடைய மனைவி கனகாம்பிகை அக்கா கிழமைக்கொரு தடவை கொழும்புக்குப் போய்வருகிறா. அவர் தங்களிடம்தான் வேலை செய்தார், இவை வேலைப் புத்தகங்கள்தான் என்று கொம்பனி ஒரு கடிதம் தந்தால் பார்க்கலாம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். கொம்பனிக்கு எழுதிக் கேட்டதற்கு வந்த பதிலை அக்கா என்னிடம் கொண்டுவந்து காட்டினா. கவலையீனத்தால் ஒரு எஞ்சினை எரித்தவருக்குத் தாங்கள் கடிதம் கொடுப்பதில்லையாம். அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான். தம்பி அங்கேதானே இருக்கிறார், அவர் ஒரு சொல் சொன்னால் கேட்பார்களே பிள்ளை என்றா. பற்றரிக் கதையைச் சொன்னது யார் என்று அவவுக்குத் தெரியாது. அண்ணன் மனைவியிடம்கூட உங்கள் பேரைச் சொல்லவில்லை. நீங்கள் எப்படிப்பட்ட மனிதருக்கு இதைச் செய்திருக்கிறீர்கள் என்று அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

இனி எஞ்சின் கதைக்கு வருவோம். இது பெண்களுக்கு விளங்காது என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு விளங்கின அளவு எனக்கும் விளங்கும். அது பெரிய அளவில்லை.

போன வருசம் இந்த வேலைக்குப் போகுமுன் இரண்டு மாதம் வீட்டில் நின்றீர்கள். அதுவரை நீங்கள் ஓட்டினது பெற்றோல் எஞ்சின் ஹெலிகொப்டர். இது டேர்பைன், ஸ்டார்ட் பண்ணும்போது கை பிழைத்தால் அரை நிமிசத்தில் எஞ்சின் எரிந்துபோகும், வீட்டிலேயே கையைப் பழக்கு என்று அழகரெத்தினம் அண்ணன்தான் எழுதியிருந்தார். மோட்டார் சைக்கிள் அக்சிலேட்டர் பிடி ஒன்றை இரும்புக் குழாயில் பூட்டிச் சாப்பாட்டுக் கதிரையின் இடது பக்கத்தில் கட்டினோம். ஸ்டார்ட்டருக்குப் பிடியின் நுனியில் ஒரு கோலிங்பெல் சுவிட்ச். காட்போட் மட்டையில் மணிக்கூடு மாதிரி இரண்டு வட்டம் கீறினேன், ஒன்று எஞ்சின் சுற்றுகிற வேகத்துக்கு, மற்றது சூட்டுக்கு. அஸர் தொழுதுவிட்டு நீங்கள் கதிரையில் இருப்பீர்கள். நான் முன்னால் நின்று இலக்கம் சொல்வேன்.

ஸ்டார்ட்டரை அமத்த வேண்டும். வேகம் பத்து, பன்னிரண்டு, பதினைந்து. பதினைந்து வராமல் பிடியைத் திறக்கக் கூடாது, ஏனென்றால் உள்ளே எண்ணெய் போகுமுன் காற்றுப் போயிருக்க வேண்டும். பதினைந்தில் திறந்தால் தீப்பிடிக்கும், சூடு ஏறும். கண் சூட்டு வட்டத்தை விட்டு விலகக் கூடாது. அறுநூறு, எழுநூறு போய்த் தானாக இறங்கினால் நல்லது. இறங்காமல் எண்ணூறையும் தாண்டி ஓடினால் பிடியை உடனே முழுதாக மூடி எண்ணெயை நிறுத்த வேண்டும். ஆனால் ஸ்டார்ட்டரை விடக் கூடாது. அது சுற்றினால்தான் காற்றுப் போய் எஞ்சின் ஆறும். ஒரு கை மூட வேண்டும், அதே கையின் விரல் அமத்திக்கொண்டே இருக்க வேண்டும். கஷ்டம் அவ்வளவுதான்.

இதில் உங்கள் பிழை என்ன என்று எனக்கு எப்படித் தெரியாமல் போகும்? நான் ஒழுங்காக இலக்கம் சொல்லிக்கொண்டு போனால் நல்ல அழகாகச் செய்வீர்கள். திடீரென்று எழுநூறு, எண்ணூறு, எண்ணூற்றைம்பது என்று சத்தம் வைத்தால் இரண்டு கையையும் தூக்கிவிடுவீர்கள், சுடு சட்டியைத் தொட்டவர் மாதிரி. பிடி திறந்தபடி கிடக்கும். ஸ்டார்ட்டர் நின்றுவிடும். இருபது தடவை செய்தால் பதினைந்து தடவை அப்படி. மற்ற ஐந்தும் நான் சத்தம் வைக்கப் போவதை முகத்தில் பார்த்துப் பிடித்தவை. இன்னும் பழகுங்கள் என்றேன். இது கதிரைதானே, உண்மையான மெசினில் எனக்கு அப்படி வராது என்றீர்கள். மூன்றாம் கிழமை பழகுவதையே விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய் உங்கள் கூட்டாளிகளுக்குப் பறக்கிறது எப்படி என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

எஞ்சின் எரிந்த மறுநாள் டெலிபோனில் நீங்களே சொன்னீர்கள்: வேகம் ஒன்பது வந்தது, திறந்தேன், சூடு ஓடினது, எல்லாத்தையும் விட்டுட்டன் என்று. அந்த ‘விட்டுட்டன்’ எனக்குப் போதும். மிச்சம் நீங்கள் சொல்லத் தேவையில்லை. பற்றரி பலவீனம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் வேகம் பதினைந்துக்கு ஏறாது. ஏறாவிட்டால் பிடியைத் திறக்கக் கூடாது. திறந்தது யார், வெளியில் தீயணைக்கிற உருளையோடு நின்ற அழகரெத்தினம் அண்ணனா?

கொம்பனிக்கு உண்மையை எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். மே மாதம் முதலாம் திகதி வரை பார்த்திருப்பேன்.

வஸ்ஸலாம்.
இப்படிக்கு,
உங்கள் மனைவி ஸுஹைறா


கல்முனைக்குடி,
25.05.2009

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதமும் மருதமுனைப் பொடியனிடம் கொடுத்தனுப்பின அத்தர் போத்தலும் கிடைத்தன. அத்தர் நல்ல வாசம். அதை உங்கள் உம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். கடிதத்தை ஒருவருக்கும் கொடுக்க முடியாது. வாசிக்கிற ஆளுக்கு என்னை நினைத்துப் பரிதாபம் வரும்.

யுத்தம் முடிந்துவிட்டது. நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இங்கே சந்தியில் வெடி கொளுத்தினார்கள், கொடி கட்டினார்கள், சென்றியில் ஆமிக்காரர்கள் கிரிபத், பாற்சோறு, கொடுத்தார்கள். இனிப் பயமில்லாமல் வயலுக்குப் போகலாம் என்று இறக்காமத்து ஆட்கள் வாப்பாவிடம் சொன்னார்கள். ஓம், ஓம் என்றார் வாப்பா. பின்னேரம் நான் கனகாம்பிகை அக்காவைப் பார்க்கப் போனேன். அந்த ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் கதவு திறந்திருக்கவில்லை. பின்பக்கத்தால் போய்க் கூப்பிட்டேன். அக்கா கிணற்றடியில் இருந்தா. கடித விசயம் என்னாயிற்று பிள்ளை என்று என்னிடம் கேட்கக்கூட இல்லை. இனிக் கடிதம் கேட்க ஆள் இருக்கிறாரோ தெரியாது என்றா.

நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், இந்த நேரத்தில் அவனுடைய பேரோடு எங்கள் பேர் சேரக் கூடாது என்று. ‘அவன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சண்டைக் காலத்தில் இந்த ஊரில் தமிழ் ஆட்கள் எங்களுக்குச் செய்ததையும் எங்கள் ஆட்கள் அவர்களுக்குச் செய்ததையும் ஒருவரும் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. ஆனால் அதையெல்லாம் கொண்டுவந்து உங்கள் கைப் பிழையை மூடப் பார்க்காதீர்கள். அவ்வளவு பெரிய விசயத்தை இவ்வளவு சின்ன ஓட்டைக்கு அடைக்கிறது வெட்கம்.

சுனாமிக்கு மூன்றாம் நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடக் கிறவுண்டில் முதல் ஹெலிகொப்டர் சாமானோடு இறங்கினது. என்னுடைய வாப்பா முத்தலிப்பும் மாலைதீவில் இருந்து லீவில் வந்து நின்ற அழகரெத்தினம் அண்ணனும் அப்போது கடற்கரைப் பக்கம் இறந்தவர்களின் மையித்துகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர், எந்த மார்க்கம் என்று பார்த்துத் தூக்கவில்லை. பார்க்கிற நிலையில் அந்த முகங்கள் இருக்கவில்லை. ஆள் போதவில்லை என்று வாப்பா கிறவுண்டுக்கு வந்து கூப்பிட்டார். நீங்கள் அங்கே வாயைத் திறந்துகொண்டு ஹெலிகொப்டரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். வாப்பா இரண்டு தரம் கூப்பிட்டாராம். உங்களுக்குக் கேட்கவில்லை. பிறகு பெண் கேட்டு வந்தபோது இந்தக் கதையைச் சொல்லி வாப்பா வேண்டாம் என்றார். நான்தான் ஓம் என்றேன். ஒரு மனிதன் ஒன்றைப் பார்த்து அவ்வளவு நேரம் மெய்மறந்து நின்றால் அதற்கு உண்மையாக இருப்பான் என்று நினைத்தேன். என்னுடைய கணக்கில் பிழைத்தது அது ஒன்றுதான்.

உங்களுக்கு ஹெலிகொப்டர் பற்றி முதலில் சொல்லித் தந்தவர், படிக்கிற இடம் காட்டினவர், படித்து வந்த பிறகு தன்னுடைய கொம்பனியில் சொல்லிச் சேர்த்துவிட்டவர், எல்லாம் ஒரே ஆள். அவருக்கு இப்போது வைத்திருக்கிற பேர் ‘அவன்’.

நான் சொன்ன தவணை முடிந்து நான்கு நாள் பொறுத்தேன். மே ஐந்தாம் திகதி சுல்பிகா டீச்சரிடம் போனேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல டீச்சர் இங்கிலீசில் எழுதினா. உங்கள் பிரதம எஞ்சினியருக்கு அனுப்பியிருக்கிறேன். விலாசம் உங்கள் சம்பளக் கடித உறையில் இருந்தது. நான் இந்தப் பைலட்டின் மனைவி என்று தொடங்கி, கதிரையில் நடந்ததை எல்லாம் எழுதினேன். இரண்டு காரியம் கேட்டேன். அந்தப் பற்றரியை யாராவது பிறகு அளந்து பார்த்தீர்களா என்பது ஒன்று. இவரைச் சிமியுலேட்டரில் இருத்தி, முன்னால் சொல்லாமல் சூட்டை ஏற்றிப் பாருங்கள், இரண்டு கையும் எங்கே போகிறது என்று பாருங்கள் என்பது மற்றது.

டீச்சர் எழுதி முடித்துவிட்டுப் பேனையை வைத்துக்கொண்டு கேட்டா, இதை அனுப்பினால் உன் புருசன் முர்ஷித்துக்கு வேலை போகலாம், உனக்குக் குடும்பம் போகலாம், யோசித்தாயா என்று. யோசித்தேன் என்றேன். உண்மையில் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பயந்திருப்பேன். பயந்தால் நானும் உங்களைப் போல் ஒரு நல்ல காரணத்தைத் தேடியிருப்பேன்.

இதை உங்களிடம் மறைக்க விருப்பமில்லை. உங்களுக்குப் பின்னால் போய்ச் செய்துவிட்டேன் என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். நான் ஏப்ரலில் முன்னால் வந்து கேட்டேன்.

வாப்பா ஒலுவில் பக்கம் போனவர் சூடை மீன் வாங்கி வந்தார். உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு நினைவு வந்தது. வந்த நினைவைச் சொல்கிறேன், வேறொன்றுமில்லை.

வஸ்ஸலாம்.
இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவியாக இருக்கிற ஸுஹைறா


கல்முனைக்குடி,
18.07.2009

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் கோபத்தில் எழுதின ஐந்து பக்கமும் கிடைத்தது. எழுத்து மிகவும் பெரிது. கோபம் குறைந்த கடைசிப் பக்கத்தில்தான் விசயம் இருந்தது.

உங்கள் பிரதம எஞ்சினியர் எனக்கும் பதில் போட்டிருக்கிறார். டீச்சர் வாசித்துச் சொன்னா. அந்தப் பற்றரியை எரிந்த ஹெலிகொப்டரில் இருந்து கழற்றி அளந்து பார்த்தார்களாம். ஒரு குறையும் இல்லாததால் மற்ற ஹெலிகொப்டரில் பூட்டினார்களாம். அன்று தொடக்கம் தினமும் காலையில் அந்தப் பற்றரிதான் அதை ஸ்டார்ட் பண்ணுகிறதாம். அளந்தவர் எழுதின தாள் ஒரு மேசையில் கிடந்திருக்கிறது. எஞ்சின் கதையை விசாரித்தவர் இன்னொரு மேசை. ஒருவரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை, இதற்காகத் தான் வெட்கப்படுவதாக எழுதியிருக்கிறார். முன்பின் தெரியாத அந்த மனிதர் வெட்கப்படுகிறார். ஐந்து பக்கம் எழுதின உங்களுக்கு அந்தச் சொல் ஒரு தரமும் வரவில்லை.

சிமியுலேட்டரில் உங்களை நான்கு தரம் இருத்தினார்களாம். முதல் இரண்டும் ஒழுங்காகச் செய்தீர்களாம். மூன்றாம் தரம் பயிற்றுநர் சொல்லாமல் சூட்டை ஏற்றினாராம். இரண்டு கையும் மேலே போனதாம். நான்காம் தரமும் அப்படித்தானாம். கதிரையில் நடந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தது போலவே இருந்தது. இதைக் கேட்டு எனக்குச் சந்தோசம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கொம்பனியின் கடிதம் ஜூன் பதினெட்டில் கொழும்புக்கு வந்தது. அதன் பிறகும் இரண்டு கிழமைக்கு மேல் இழுத்தார்கள். ஜூலை ஐந்தாம் திகதி அழகரெத்தினம் அண்ணனை விட்டார்கள். நூற்றாறு நாள். புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் இங்கே வந்தார்கள். வாப்பா வாசலுக்கு இறங்கிப்போய்க் கூட்டி வந்தார். அண்ணன் நன்றாக மெலிந்திருக்கிறார். தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார், அப்படியும் தட்டில் சிந்தியது. கனகாம்பிகை அக்கா ஒன்றும் நடக்காதது போல் சீலைத் தலைப்பால் துடைத்தா. 

கதைத்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கதிரையைப் பார்த்துவிட்டார். நீங்கள் போன பிறகு பிடியைக் கழற்றவில்லை. எழுந்து போய் அதில் இருந்தார். இடது கையைப் பிடியில் வைத்தார். கை நடுங்கினதால் விரல் சுவிட்சில் நிற்கவில்லை. இரண்டு தரம் வைத்துப் பார்த்தார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நான் சொல்கிறேன் தங்கச்சி, நீங்கள் தம்பிக்கு எழுதுங்கள் என்றார். வாப்பா எழும்பிக் குசினிப் பக்கம் போய்விட்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தம்பியின் பிழை பயம் இல்லையாம், பயம் எல்லோருக்கும் வருமாம். தம்பி கையைப் பிடியில் ‘வைக்கிறார்’, பிடிப்பதில்லையாம். ஸ்டார்ட்டரைத் தொடுமுன் மூடுகிற அசைவை மூன்று தரம் செய்து பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமாம். திறக்கப் போகிறேன் என்று நினைத்து இருக்கக் கூடாது, மூடப் போகிறேன் என்று நினைத்து இருக்க வேண்டுமாம். நன்றாக ஸ்டார்ட் ஆனால் அன்றைக்கு மூடத் தேவைப்படவில்லை, அவ்வளவுதானாம். விரல் தானாக அமத்திக்கொண்டு நிற்கும்வரை சிமியுலேட்டரில் ஐந்நூறு தரமாவது செய்யட்டும் என்றார். பயிற்றுநரிடம் கேட்டு, பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திக் கதை கொடுக்கச் சொல்லட்டும், கதைத்துக்கொண்டே செய்து பழகட்டும் என்றார். காற்று எந்தப் பக்கத்தால் வீசுகிறது என்று பார்க்கவும் சொன்னார், பின்பக்கத்தால் வீசினால் சூடு கூடுமாம்.

இவ்வளவும் உங்களுக்காகச் சொன்னார். ஒரு இடத்தில்கூடக் குரல் மாறவில்லை. நான் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன், கண்ணீர் விழுந்து இரண்டு வரி கலங்கிவிட்டது. திருப்பி எழுதியிருக்கிறேன்.

அக்காவுக்கு இப்போது எல்லாம் தெரியும். நான்தான் சொன்னேன். என்னைப் பக்கத்தில் இருத்தினா. பிறகு, இதைச் சொல்ல உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் பிள்ளை என்றா. எனக்கு அவ ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

நீங்கள் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள், மூன்று மாதம் சிமியுலேட்டரில் பழகி மறுபடி சோதனையில் பாஸாகாவிட்டால் வேலையில்லை என்று கொம்பனி சொல்லிவிட்டது, சின்னப் பொடியன்களோடு இருந்து பழக மானம் விடவில்லை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வரப் போகிறேன் என்று.

வராதீர்கள். மானத்தைப் பற்றிப் பேசுகிற தகுதி உங்களுக்கு இப்போது இல்லை, அது பிறகு வரலாம். அந்தச் சின்னப் பொடியன்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று, உங்கள் முறை வரும்போது போய் இருந்து பழகுங்கள். இங்கே வந்தால் உங்கள் உம்மா வட்டிலப்பம் செய்வா, கூட்டாளிகள் கடற்கரைக்குக் கூப்பிடுவார்கள், ஒரு மாதத்தில் இன்னொரு கதை சோடித்துவிடுவீர்கள். அதை நான் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டி வரும். என்னால் ஏலாது.

அழகரெத்தினம் அண்ணனைத் திரும்பவும் வேலைக்கு எடுக்கலாம் என்று எஞ்சினியர் எழுதியிருக்கிறார். கை சரியானால் பார்க்கலாம் என்று அண்ணன் சொன்னார். கல்முனை ஆஸ்பத்திரியில் காட்டுகிறார்கள். எவ்வளவு காலம் எடுக்கும் என்று டொக்டர் சொல்லவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எனக்கு எழுத வேண்டாம், அவருக்கு எழுதுங்கள். காரணம் ஒன்றும் எழுதாமல் நடந்ததை மட்டும் எழுதுங்கள். உங்கள் உம்மாவுக்கும் எழுதி, அட்டாளைச்சேனையில் சொன்ன கதையை அதே பெண்களுக்கு முன்னால் திருத்தச் சொல்லுங்கள். செய்தீர்களா என்று நான் கேட்கமாட்டேன். இந்த ஊரில் அது தானாக என் காதுக்கு வரும்.

ஐந்து நேரமும் தொழுதுவிட்டு உங்களுக்காகத் துஆச் செய்கிறேன். கோபத்தோடுதான் செய்கிறேன், அது அல்லாஹ்வுக்கும் தெரியும். நீங்கள் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டு முடிக்கும்வரை அவன் உங்களுக்கு நல்ல ஹயாத்தை, ஆயுளைத் தரட்டும். அதற்குப் பிறகும் தரட்டும்.

வஸ்ஸலாம்.
இப்படிக்கு,
ஸுஹைறா